அகழிமேட்டு முயல்

இங்கிலாந்து நாட்டில், ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் சதுரமான அகழி ஒன்று உண்டு, குழந்தைகளே. பல நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு பிரபு அதை வெட்டி, நடுவில் மாளிகை கட்டி வாழ்ந்தார். மாளிகை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அகழியும் நடுமேடும் மட்டும் மிஞ்சின.

அந்த மேட்டில் ஒரு முயல் தன் மனைவியோடும் குட்டிகளோடும் வசித்தது. புல்லுக்கடியில் முழுக்கப் பழைய அஸ்திவாரக் கல். ஆழமாக வளை தோண்ட முடியாது. ஆனால் அகழியின் குறுக்கே கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றுமாக இரண்டு மண்பாதைகள் இருந்தன. நரி ஒரு பாதையில் வந்தால், முயல்கள் மறு பாதையில் ஓடி முட்புதருக்குள் மறைந்துவிடும். நரி வெறும் வயிற்றோடு திரும்பும்.

ஒரு நாள் நரி கரையில் உட்கார்ந்து, மரத்திலிருந்த காகத்திடம் உரக்கப் புலம்பியது.

“காக்கையாரே, எனக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஏதோ இந்தப் பாதைகள் இருப்பதால் மேட்டுக்குப் போய்வருகிறேன். இவையும் இல்லாவிட்டால் முயலைக் கனவில்தான் பார்க்க வேண்டும்!”

“உம்முடைய வீரம் இவ்வளவுதானா?” என்று சிரித்தது காகம்.

புல்லுக்குள் பதுங்கியிருந்த முயல் இதைக் கேட்டு மனைவியிடம் ஓடியது.

“நரி வாயாலேயே உண்மை வந்துவிட்டது! பாதைகளை வெட்டிவிடுவோம்.”

“நாம் தப்பிப்பதும் அவற்றில்தானே?”

“நரியே வராதபோது நாம் ஏன் ஓட வேண்டும்? அந்தப் பிரபு மாதிரி காலை நீட்டிப் படுக்கலாம். நீ சரியான பயந்தாங்கொள்ளி!”

மழையில் அகழி நிரம்பியிருந்தது. முயல் இரண்டு பாதைகளையும் குறுக்கே வெட்டியது. ஊறிய மண் பொலபொலவென்று சரிந்தது. மேடு தனித் தீவானது.

மறுநாள் நரி வந்தது.

“என்ன நரியாரே, பாதையைக் காணோமா? போய் எலி பிடியும்!” என்று கத்தியது முயல்.

நரி தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்கியது.

“தண்ணீர் என்றால் நடுங்குவீரே!”

“நனைவதில் எனக்கென்ன கஷ்டம்? முன்பெல்லாம் நான் நீந்திக் கரையேறுவதற்குள் நீங்கள் ஓடியிருப்பீர்கள். இனி எங்கே ஓடுவீர்கள்?”

முயல் கிழக்கே ஓடியது. தண்ணீர். மேற்கே ஓடியது. அங்கும் தண்ணீர். திரும்பி வந்தபோது, மனைவி குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்து அணைத்திருந்தது. கணவனை ஒரு முறை பார்த்தது.

அன்று மாலை அந்த மேட்டில் புல் மேய யாரும் இல்லை.

நீதி: பகைவனின் புலம்பலை நம்பி, நாம் தப்பும் வழியை நாமே அழிக்கக் கூடாது.