கத்தின குரங்கும் காது கொடுக்காத மானும்

காட்டு ஓடைக்கரையில் ஒரு நாவல் மரம். மேலே ஒரு குரங்கு, கீழே ஒரு புள்ளிமான். குரங்கு தின்னும்போது பாதிப் பழத்தைக் கீழே சிந்தும், மான் அதைப் பொறுக்கித் தின்னும். சிறுத்தை வந்தால் குரங்கு மேலிருந்து கத்தும், மான் ஓடிவிடும். இப்படித்தான் ரெண்டும் பிழைத்துவந்தன.

அந்த மானுக்கு முன்னால் பிறந்த குட்டி ஒன்றும் தங்கவில்லை. இந்த முறை பிறந்த பெண்குட்டியும் நோஞ்சான். அது வாய் வைத்துப் பால் குடிப்பதற்குள் குரங்கு கத்தும். தாய் ஓடும், குட்டியும் தள்ளாடிக்கொண்டு பின்னால் ஓடும். திரும்பி வந்து பார்த்தால் ஓடைக்கரையில் ஈ காக்கா இருக்காது!

மானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே! சிறுத்தை சிறுத்தைன்னு உயிரை வாங்கறியே, ஒரு நாளாவது அதை நான் கண்ணால பாத்திருக்கேனா?"

"நான் கத்தினதும் அது திரும்பிப் போயிடுது தங்கச்சி! நீ உஷாராயிட்டேன்னு தெரிஞ்சா அது பாயாது."

"நல்லா கதை விடறே! என்னை விரட்டிட்டு, கீழே கிடக்கிற பழத்தையும் நீயே தின்னலாம்னு பாக்கறே!"

குரங்குக்கு முகம் சுண்டிப்போனது. "அந்தப் புத்தி எனக்கு இல்லம்மா."

"உன் சத்தமே வேண்டாம்! என் பிள்ளை நிம்மதியா ஒரு வாய் பால் குடிக்கட்டும். நீ வேற மரம் பாத்துக்க!"

குரங்கு ஓடையைத் தாண்டி அக்கரை மருத மரத்துக்குப் போய்விட்டது. மானைத் திட்டவும் கதை சொல்கிற எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தால் பெற்றவளுக்கு நிதானம் எங்கே இருக்கும்?

மறுநாள் காலை குட்டி வாலை ஆட்டி ஆட்டி ஆசை தீரக் குடித்துக்கொண்டிருந்தது. மான் கண்ணை மூடி நின்றது. அப்போது இக்கரைப் புதருக்குள் சிறுத்தை பதுங்கி வருவதை அக்கரையிலிருந்து குரங்கு பார்த்துவிட்டது. கோபமெல்லாம் மறந்து தொண்டை கிழியக் கத்தியது.

"தங்கச்சி, ஓடு! புதருக்குள்ள பதுங்கி வருது! ஓடு!"

குட்டி தலையைத் தூக்கியது. "அம்மா, மாமா கத்தறாரும்மா!"

"அவருக்கு வேற வேலை இல்ல. நீ குடி கண்ணு!"

அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? குரங்கு கத்தியும் மான் அசையாததைக் கண்டு சிறுத்தை பாய்ந்தது. தாய் துள்ளி ஓடியது. குட்டியால் ஓட முடியவில்லை.

வெகுநேரம் கழித்து மான் தனியாகத் திரும்பி வந்தது. பால் கட்டி மடி வலித்தது, குடிக்கத்தான் பிள்ளை இல்லை. குரங்கு ஓடையைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதது.

"நான் இன்னும் சத்தமா கத்தியிருக்கணும் தங்கச்சி!"

"கேட்டுச்சு அண்ணே," என்றது மான். "எனக்கு நல்லாவே கேட்டுச்சு!"

காவல் இருப்பவர் ஒழுங்காகக் காத்தால் ஆபத்து நம் கண்ணில் படாது. கண்ணில் படவில்லை என்பதற்காக அவரைப் பொய்யர் என்று விரட்டக் கூடாது.