தளவாய் பார்த்த கண்ணாடி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்குப் பந்துப் பைத்தியம். காலால் உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்புகிற ஆட்டம் என்றால் ராஜ்ய காரியமெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

கடல் வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு மாயக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். பட்டுத்துணியால் துடைத்தால் போதும், சற்றுமுன் களத்தில் நடந்ததை அப்படியே மறுபடியும் காட்டும். ராஜா அதைக் களத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கூடாரத்துக்குள் வைத்தார். தளவாய் அனந்தப்பரை அதற்கு அதிகாரி ஆக்கினார். ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் தளவாய் உள்ளே போவார். வெளியே வந்து "செல்லும்" என்பார், இல்லாவிட்டால் "செல்லாது" என்பார். ஏன் என்று கேட்டால் ராஜத் துரோகம். நல்ல நியாயமடா சாமி!

ஒருநாள் ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் களத்தில் மண்ணை வாரித் தூற்றிவிட்டார்கள். மறுநாள் சபையில் ராஜாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அரசவை விகடகவி ஒச்சப்பன் வாயைத் திறந்தான்.

"மகாராஜா, கதவைச் சாத்திக்கொண்டு பந்தி போட்டால் வெளியே நிற்கிறவன் கத்தத்தானே செய்வான்? உள்ளே நடப்பதைக் காட்டிவிட்டால் என்ன?"

ஒச்சப்பனைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. அவர் எழுந்தார். "பிரபு! அரச மரியாதை என்னாவது? கண்ணாடி வெளியே வரக் கூடாது. திரை விலகக் கூடாது. என்னைத் தவிர ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது. இதற்குள் அடங்கி, உள்ளே நடப்பதை ஊருக்கெல்லாம் காட்டட்டும் இந்த மகா புத்திமான்!"

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். ஒச்சப்பா, நாளை மாலை ஆட்டத்தில் செய்து காட்டு. தவறினால் தலை போகும்."

ஒச்சப்பன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினான். வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முற்றத்தில் கால் வைத்தவன் "ஐயோ!" என்று அலறினான். எதிரே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கறுத்த உருவம், கையில் கத்தி!

"நாளைக்கு வரவேண்டியவன் இன்றைக்கே வந்துட்டியே, அப்பா!" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

காயப்போட்டிருந்த வேட்டியை விலக்கிக்கொண்டு அவன் மனைவி செல்லாயி எட்டிப் பார்த்தாள். கையில் பாதி நறுக்கிய பூசணிக்காய். "என்னங்க இது, பூசணிக்கா நறுக்கினதுக்கா இந்தக் கூப்பாடு? விளக்கு பின்னால இருக்கு, நிழல் வேட்டியில விழுது. அரமனையில வாயைக் குடுத்துட்டு வந்தீங்களாக்கும்!"

ஒச்சப்பன் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவன் உள்ளே கால் வைக்காமலே கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணியால் கூடாரம் அடித்தான். பின்கம்பத்தில் உள்பக்கமாக ஒரு பெரிய விளக்கையும் தொங்கவிட்டான்.

தளவாய் வாய்விட்டுச் சிரித்தார். "துணியை மாற்றினால் தலை தப்புமா, ஒச்சப்பா?"

"தங்களுக்கு இருட்டக் கூடாதே என்றுதான் விளக்கு வைத்தேன், ஐயா" என்றான் ஒச்சப்பன். குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை.

ஆட்டம் தொடங்கியது. வெயில் சுள்ளென்று அடித்தது. வெள்ளைத் துணியில் ஒன்றுமே தெரியவில்லை. தலை வெட்டுகிற வாள்காரன் வேறு வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, ஒச்சப்பனின் கழுத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். 'சூரிய பகவானே, சீக்கிரம் வீட்டுக்குப் போய்யா' என்று ஒச்சப்பன் மனத்துக்குள் கெஞ்சினான்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியது. அப்போதுதான் கிழக்குத் தெருக்காரன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. "அவன் கையில பட்டுச்சு!" என்று மேற்குத் தெரு கூச்சல் போட்டது. தளவாய் உள்ளே போனார். திரை மூடியது. துணி வெறும் துணியாகவே இருந்தது. வாள்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளே இருட்டாக இருக்கவே, தளவாய் விளக்கை ஏற்றினார்.

"அடியாத்தி!" என்றது ஜனக்கூட்டம். ஒச்சப்பன் கண்ணைத் திறந்தான். துணியில் பனைமர உயரத்துக்குத் தளவாயின் நிழல் நின்றது, எதிரே கண்ணாடி. பட்டுத்துணி ஆணியில் தொங்கியது. தளவாய் அதைத் தொடவே இல்லை. கண்ணாடி முன் குனிந்தார். வலப்பக்க மீசையை முறுக்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடப்பக்கத்தையும் முறுக்கினார். அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தார். "கண்ணாடியை நன்றாகப் பார்த்தேன். செல்லாது!"

கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தர் சொன்னார்:

"அந்த இடதுபக்கத்த இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுங்க, சாமி!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். களமே சேர்ந்து சிரித்தது. இப்போது நடுங்கியது தளவாய்.

ராஜா கண்ணாடியை வெளியே எடுத்துவரச் செய்து, எல்லாருக்கும் முன்னால் தாமே துடைத்தார். பந்து பட்டது கையில் அல்ல, மார்பில். "செல்லும்!" என்றார். "அனந்தப்பரே, இனி ஒவ்வோர் ஆட்டத்திலும் இதை நடுக்களத்தில் வைத்துத் துடையும். கண்டதைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லும்."

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி ஒச்சப்பனுக்குப் போட்டார். ஒச்சப்பன் முத்துகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"என்ன ஒச்சப்பா, மாலை பிடிக்கவில்லையா?"

"மாலை இருக்கட்டும், மகாராஜா. அதைப் போட்டுக்கொள்ள இது இன்னும் இருக்கிறதே, அதைத்தான் பார்க்கிறேன்!"

ராஜா மறுபடியும் சிரித்தார்.