நின்ற காலின் அளவு

சூலூரைத் தாண்டி, மனை பிரித்தும் விற்காமல் கிடந்த ஓர் இடத்தில் தார்ச்சாலை மட்டும் நன்றாக இருந்தது. அங்கேதான் ஜெசிந்தா மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்திரண்டு. அப்பா வயதுக்காரர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

குழந்தைவேலு அப்படி ஓர் அப்பா வயதுக்காரர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே வந்து சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கூட்டிப்போகும் வால்பாறைப் பயணத்தில் அவரும் உண்டு. ஆனால் பூட்ஸ் இல்லாதவர் மலையேறக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். பார்சலில் வந்த பூட்ஸ் இரண்டு தடவையும் காலைக் கடித்தது. திருப்பி அனுப்பியாயிற்று. நாளைக் காலைக்குள் சரியான அளவைச் சொன்னால் சனிக்கிழமை வந்துவிடும். இல்லாவிட்டால் மற்றவர்கள் மலையேறுவதை அவர் போட்டோவில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

“மாஸ்டர், கடைக்காரன் ஏமாத்தறானுங்களா, இல்ல என் கால் ஏமாத்துதுங்களா?”

“எப்படி அளந்தீங்க? செஞ்சு காட்டுங்க சார்.”

குழந்தைவேலு செருப்பைக் கழற்றி, சாலையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் நின்றார். குனிந்து, பென்சிலால் தன் பாதத்தைத் தானே சுற்றி வரைந்தார். அவர் நிமிர்வதற்குள் மாஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து அவர் குதிகாலுக்கு அடியில் செருகினார். செருகிய வேகத்திலேயே உருவினார். வந்துவிட்டது.

“நிமிர்ந்து நில்லுங்க.”

நிமிர்ந்தார். மாஸ்டர் மறுபடி செருகப் பார்த்தார். காகிதம் நுழையவே இல்லை.

“பூட்ஸ் எந்தக் காலுக்கு சார்? குனிஞ்ச காலுக்கா, நின்ன காலுக்கா?”

“நின்னுக்கிட்டே என் காலை நானே எப்படிங்க வரையறது?”

மாஸ்டர் பென்சிலை வாங்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். குழந்தைவேலு பாம்பை மிதித்தவர் போலத் துள்ளிப் பின்வாங்கினார்.

“ஐயோ, மாஸ்டர்! என் காலைப் போய் நீங்க தொடறதா? வித்தை சொல்லிக்கொடுக்கறவங்க!”

“வண்டியை என் கால்மேல ஏத்தினப்ப இந்த மரியாதை எங்க போச்சு? வந்து நில்லுங்க.”

நின்றார். மாஸ்டர் வேறொரு தாளில் வரைந்து முடித்து, இரண்டு படத்தையும் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். புதிய கால் பழையதைவிடச் சிறியதாக இருந்தது. குழந்தைவேலுவின் விரல்கள் கூச்சத்தில் இன்னமும் மடங்கியே இருந்தன.

“எங்கிட்டச் சுருங்குது. வீட்டுல யாரு இருக்கா?”

“வீட்டுக்காரம்மா.”

“அவங்க வரையலாமே.”

குழந்தைவேலு செருப்பை மாட்டிக்கொள்வதில் மும்முரமானார். “வண்டி ஓட்டறேன்னு தெரியுங்க. மலைக்குப் போறேன்னு தெரியாது. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அளந்தேன்.”

“ரெண்டு தடவை பூட்ஸ் வந்துச்சே?”

“வாக்கிங் ஷூன்னு சொல்லி வச்சேன்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. “சாயங்காலமா அளங்க, கால் அப்பத்தான் நல்லா விரிஞ்சிருக்கும். மலைக்குப் போட்டுக்கற அதே தடி சாக்ஸைப் போட்டுக்கங்க. பென்சில் சாயக் கூடாது. ரெண்டு காலையும் அளங்க, பெரிய காலுக்குத்தான் பூட்ஸ். கதவு திறந்திருக்கட்டும்.”

அன்று மாலை அவர் மனைவி மரகதம் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தடி சாக்ஸும் கையில் செய்தித்தாளுமாக அவர் எதிரில் போய் நின்றார்.

“மரகதம், என் காலைக் கொஞ்சம் வரையணுமே.”

“எதுக்குங்க, காணாமப் போயிட்டா கண்டுபிடிக்கவா?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். வால்பாறை. ஞாயிறு. பூட்ஸ்.

“வாக்கிங் ஷூ அத்தாப்பெரிய டப்பாவுல வர்றப்பவே தெரியும்” என்றாள். “நான் பால் கேனைக் கட்டிக்கிட்டு மழையில மொபெட் ஓட்டினேனே, எனக்கு யாரு பூட்ஸ் வாங்கித் தந்தா?” சொல்லிக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு, பென்சிலோடு கீழே உட்கார்ந்தாள்.

சாக்ஸுக்குள் விரல்கள் மடங்கின.

“விரலை விடுங்க.”

“விட்டுத்தான் இருக்கேன்.”

“மெட்டி போட வந்தப்ப நீங்க சொன்னது. அத்தனை சனத்துக்கு முன்னால, ‘விரலை விடு புள்ள, ஏற மாட்டேங்குது’ன்னு. எங்கப்பாவே சிரிச்சுட்டாரு.”

குழந்தைவேலுவும் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கியது. கால் தன்பாட்டுக்குத் தரையில் படிந்தது. அந்த நேரம் பார்த்து அவள் பென்சிலை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள்.

மறுநாள் காலை மாஸ்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். இடது கால் கொஞ்சம் பெரிது. அதுவும் பழைய அளவைவிட ஒரு சென்டிமீட்டர் கூட.

“இது நின்ன கால்” என்றார். போனை எடுத்து ஆர்டர் போடப் போனவர் நிறுத்தினார். “அடியில இன்னொரு தாள் இருக்கே?”

அதில் சின்னதாக ஒரு ஜோடிப் பாதம் இருந்தது. இரண்டிலும் இரண்டாம் விரலருகே மெட்டிக்கு ஒரு சிறு மேடு.

“அவ காலுங்க மாஸ்டர். என்னை உட்கார வச்சு வரையச் சொன்னா.” குழந்தைவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பின்னாடி உட்கார்றவங்களும் பூட்ஸ் போடணுமில்லீங்களா? அவளுக்கும் ஒண்ணு போட்டுடுங்க.”

மாஸ்டர் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பின்னாடி உட்கார்றேன்னு அவங்க சொன்னாங்களா?”

குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் பால் கேனும் மழையும் மொபெட்டும் ஞாபகம் வந்தன.