தொட்டில் பெட்டிக்கு ஒரு தாழ்ப்பாள்

ஒரு வீட்டில், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், தொட்டிலோரம் இருந்த சின்னப் பெட்டி இருமியது. ஆண்பிள்ளை இருமல்.

அந்த வீட்டில் அப்போது ஆண்கள் யாருமில்லை. தொட்டிலில் மூச்சிரைப்புள்ள கைக்குழந்தை. அடுக்களையில் அதன் அம்மா ரெஜினா. குழந்தையின் மூச்சை அடுக்களைவரை கேட்கச் செய்வதுதான் பெட்டியின் வேலை.

"இருமினது நான் இல்லைம்மா," என்றது பெட்டி, நடுங்கி. "இணையத்துப் பக்கம் என் வாசல் திறந்து கிடக்கு. எவனோ தலையை நீட்டுறான்."

பெட்டியை அணைத்தால் மூச்சு கேட்காது. விட்டுவைத்தால் அவன் கேட்பான். ரெஜினா மடிக்கணினியை எழுப்பினாள்.

"தாழ்ப்பாள்தானே? இதோ!" என்றது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்று பல நாட்டார் பொதுவில் வைத்திருந்த கணினி நிரலை அள்ளி, ஒரு தாழ்ப்பாள் வார்த்தது. தாழ்ப்பாளின் பேச்சு பெட்டிக்குப் புரியாதே! அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷியையும் செய்து அனுப்பியது.

தாழ்ப்பாள் பொருந்தியது. துபாஷி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலை நீட்டவே இடமில்லையே இங்கே!"

"என் வீட்டுல ஜம்முனு நடந்தாரே!" என்றது மடிக்கணினி. "உன் வாசல்தான் கோணல்."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வார்த்தது. மறுபடியும் அதே துபாஷி, அதே கால்.

"பாப்பா, தூங்கலையா?" என்றது பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குரல்.

ரெஜினா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "துபாஷிக்கு யார்கிட்ட அளவு எடுத்தே?"

"தாழ்ப்பாளுக்குப் பெட்டிகிட்டதான் எடுத்தேன். துபாஷிக்கு... என் நிலைவாசல் பக்கத்திலேயே இருந்துச்சா..."

"சரியாப் போச்சு! உன் ஜாக்கெட்டை இந்தப் பெட்டிப் பொண்ணுக்கு மாட்டிவிட்டு, அவ உடம்பு சரியில்லைங்கிறியா?"

அந்தப் பயத்திலும் ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. மடிக்கணினி பெட்டியிடம் தணிந்த குரலில், "தங்கச்சி, உன் வாசல் எவ்வளவு?" என்றது.

"உன்னுதுல பாதிதான்க்கா. நீ கேட்கவே இல்லையே."

இந்தத் தடவை துபாஷி குட்டையாக வந்தார். தலை இடிக்காமல் உள்ளே போனார். தாழ்ப்பாள் சொன்னதைப் பெட்டியின் காதில் சொன்னார்.

"பாப்..." என்று தொடங்கிய குரல் பாதியில் அறுந்தது.

அடுக்களையில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. பெட்டியின் இணையத்து வாசல் உள்ளிருந்து தாழிட்டிருந்தது.