கிம் சியூ அம்மையாரின் முளைப்பானை

மலாயாவில், தைப்பிங்கை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில் கோயில் கொண்டிருந்த மாரியம்மன் வாசலுக்கு, நாள் தவறாமல் வந்து நின்றவர் கிம் சியூ அம்மையார். பச்சைப்பயற்றை முளைகட்டி விற்பது அவர் தொழில். மண்பானையின் அடியில் ஓட்டைகள் போட்டு, பயற்றை இட்டு, ஈரச் சாக்கால் மூடி, நாளுக்கு ஆறு முறை நீர் வார்ப்பார். நீர் தங்கினால் பயறு நாறிவிடும். வடிந்தால்தான் வெள்ளைவெளேரென்று முளைக்கும். ஓட்டை போடாத பானையை அவர் கை அறியாது. காலையில் பறிக்கும் முதல் பிடி முளை அம்மனின் மடப்பள்ளிக்குப் போகும். மீதிதான் சந்தைக்கு. படிக்கு வெளியே நின்று மூன்று ஊதுபத்தி ஏற்றி, மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

சீனாவிலிருந்து கப்பலேறி வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து கணவர் இறந்தார். அந்த ஆண்டே கைக்குழந்தை ஆ செங்கிற்கு அம்மை போட்டது. நாதியற்றுத் தவித்த அந்தத் தாய், தோட்டத்துப் பெண்கள் சொன்னபடி பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கோயில் வாசலிலேயே கிடந்தார். பிள்ளை பிழைத்தது. இவனுக்கு ஒரு குழந்தை பிறந்தால் உனக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று தம் மொழியில் வேண்டிக்கொண்டார். அம்மனுக்குச் சீனம் புரியாதா என்ன!

முப்பது ஆண்டுகள் ஓடின. "சீனத்திக்கு நம்ம சாமிகிட்ட என்னா வேல?" என்று தோட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவருடைய சொந்த ஊர்க்காரர்களான சீனர்களும் விட்டுவைக்கவில்லை. இரண்டு பக்கத்துக் கேலியையும் அவர் ஒரே புன்னகையோடு வாங்கிக்கொண்டார். எனக்கென்றால் அந்தப் பொறுமை வராது.

ஆ செங்கிற்குப் பெண் குழந்தை பிறந்தது. மெய் யின் என்று பெயரிட்டார்கள். பேத்தியின் முகத்தைப் பார்த்த கையோடு அம்மையார், முளைப்பாரிக்குத் தலைவியான முத்துப்பேச்சியிடம் போய்த் தம் வேண்டுதலைச் சொன்னார்.

"நேத்திக்கடன தடுக்க நான் யாரு? கவுச்சி தொடாம வெரதம் இருந்து, செவ்வாக்கெழம புதுப் பானையோட வா" என்றார் முத்துப்பேச்சி.

செவ்வாயன்று புதுப்பானையில் மண்ணும் எருவும் இட்டு, நவதானியம் தூவி, நீர் தெளித்துக் கொண்டுபோனார் அம்மையார். முளைக்கொட்டகையில் இருபத்தொரு பானைகள் வரிசையாக இருந்தன. அவருடையதை வாங்கிய முத்துப்பேச்சியின் கையில் தண்ணீர் சொட்டியது. தூக்கிப் பார்த்தார். அடியில் ஏழு ஓட்டைகள்.

"அடிப்பாவி! சுடுகாட்டுல கொத்துற கொடத்துக்குத்தான் ஓட்ட போடுவோம். அத ஆத்தா வாசலுக்கா கொண்டாந்த?"

கிம் சியூ அம்மையார் பானையைத் திரும்ப வாங்கி அடியில் இருந்த ஓட்டைகளைத் தடவினார். பழகிய கை செய்த வேலை அது. "எனக்குத் தெரியாதுலா, அக்கா. என்ன திட்டுங்க, பானைய திட்டாதீங்க. உள்ள அம்மா பயிரு இருக்கு" என்று அழுதபடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"ஒன்ன வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட எதுக்குமா போற?" என்று மகன் கடிந்துகொண்டார். அம்மையார் பானையை இருட்டறையில் வைத்தார். விரதத்தையும் விடவில்லை, நீர் வார்ப்பதையும் நிறுத்தவில்லை.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. கடைசி மூன்று நாள் அடைத்து வைத்த கொட்டகையின் கூரை ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. விழா நாளன்று கதவைத் திறந்தபோது, இருபத்தொரு பானைகளிலும் நீர் தேங்கிப் பயிர் அழுகிக் கிடந்தது. அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

செய்தி எட்டியதும் அம்மையார் தம் பானையோடு ஓடிவந்தார். முளைகள் முழ உயரம் நின்றன.

"என் பானை வேணாம், அக்கா. முளைய மட்டும் எடுத்து உங்க பானையில வையிங்க. அம்மா வெறுமனே போகக்கூடாது" என்றார்.

முப்பது ஆண்டு காத்திருந்த நேர்த்தியை இப்படி ஒரே மூச்சில் கொடுத்துவிட எத்தனை பேருக்கு மனம் வரும்?

பூசாரி சடையாண்டி அம்மனின் இரு தோளிலும் பூ வைத்து உத்தரவு கேட்டார். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். "தாயே, முளைய மாத்தி வைக்கட்டுமா?" பூ அசையவில்லை. இரண்டாம் முறை கேட்டார். அசையவில்லை. கடைசியில், "அவ கொண்டாந்த பானையிலயே வேணுமா, ஆத்தா?" என்றார்.

சொல்லி வாய் மூடுமுன் வலப்பக்கப் பூ விழுந்தது.

முத்துப்பேச்சி ஓடிவந்து அம்மையாரின் காலில் விழப்போனார். அம்மையார் பதறித் தடுத்தார். பிறகு முத்துப்பேச்சி தம் முந்தானையைக் கிழித்துச் சும்மாடு சுருட்டி, அந்தப் பானையைத் தம் கையாலேயே அவர் தலையில் ஏற்றினார். முப்பது ஆண்டுகள் வெளியே நின்றவர் அன்று படியைத் தாண்டி அம்மனின் எதிரே போய் நின்றார். ஊர்வலத்தில் அவர் முன்னே நடக்க, இருபத்தொரு பெண்களும் வெறுங்கையோடு பின்னால் குலவையிட்டுப் போனார்கள். ஓட்டைகளின் வழியே சொட்டிய நீர் அவர் முகத்தில் வழிந்தது. கண்ணீர் எது, பானை நீர் எது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

எண்பது வயதில் கிம் சியூ அம்மையார் கண்மூடியபோது, பேத்தி மெய் யின் தன் வழக்கப்படி ஊதுபத்தி ஏற்றினாள். முத்துப்பேச்சியின் மகள் வேப்பிலை கொண்டுவந்து பாதத்தில் வைத்தாள். தனக்கு வேண்டிய பானையை அம்மன் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைச் சுமந்த அந்தத் தாயின் அடிகளை நாமும் வணங்குவோம்.