முதல் தட்டு

ஒரு மலைக்காட்டு வேட்டைக் கூட்டத்தில், ஈட்டிக்குக் கல்முனை செதுக்கிக் கொடுத்தவள் மருதி. பெயர் வாங்கியதோ வேட்டைக்காரர்களுக்குப் பெரியவனான கடுவன். எல்லாம் தன் கைவேலை என்று தலைவரிடம் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் மருதி அதை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

கடுவன் கையகலக் கல் ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"செதுக்கியது நீதான் என்றால், இதை இலைபோல மெல்லிசாக்கு பார்ப்போம்."

"செதுக்கத் தெரியாமல் கல்லை இரண்டாக உடைக்கிறவர் பொய்யர். பொய் சொன்னவர் யாரானாலும் கூட்டத்தை விட்டுப் போகவேண்டியதுதான்" என்றார் தலைவர்.

மருதி கல்லைச் சுண்டிப் பார்த்தாள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், இது பொத்தென்றது. உள்ளே விரிசல். ஒரு தட்டுக்கே இரண்டாகிவிடும். இடுப்பில் கைக்குழந்தை, வானத்தில் மழைமேகம். காட்டில் தனியாக எங்கே போவாள்? விரிசல் என்று சொன்னால், தெரியாதவள் சாக்குச் சொல்கிறாள் என்பான் கடுவன்.

செதுக்கும் மான்கொம்பைக் கடுவனிடமே நீட்டினாள்.

"ஐயா, இத்தனை நாள் செதுக்கிய கை உங்களுடையதாமே. முதல் தட்டை நீங்கள் தட்டிக் கொடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சரிதானே, தட்டு" என்றார் தலைவர்.

கடுவன் கொம்பை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை.

"இதை எப்படித் தட்டுவது? உள்ளே விரிசல் இருக்கிறதே!" என்று உளறிவிட்டான்.

தலைவர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஒரு கீறலும் இல்லை.

"அப்படியானால் தெரிந்தேதான் அவளிடம் கொடுத்தாயா?"

கடுவன் மழை பிடிப்பதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மருதி கணீரென்று ஒலிக்கும் கல்லாக ஒன்றைத் தேடி எடுத்து, முதல் தட்டைத் தட்டினாள்.