நீலமணியும் ஒடியாத நாணலும்

காட்டின் நடுவே பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் நின்ற மருதமரத்தில் மீன்கொத்திகள் கூட்டமாக வாழ்ந்தன. பறக்கப் பழகிய ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பரீட்சை உண்டு. மூன்று பாய்ச்சலில் ஒரு மீனாவது பிடிக்க வேண்டும்.

நீலமணி என்ற மீன்கொத்தி மூன்று முறையும் வெறும் அலகோடு மேலே வந்தது.

"உனக்குக் கண்ணே சரியில்லை! கால்வாய்ப் பக்கம் போய் வெட்டுக்கிளி பிடித்துப் பிழைத்துக்கொள்!" என்றது தலைவன் கூரலகன்.

மற்றவை விழுந்து விழுந்து சிரித்தன. நீலமணி அழுதுகொண்டே கால்வாய்க்குப் போனது. வெட்டுக்கிளிகளால் வயிறு நிறைந்தது. ஆனால் மனம் ஆறவில்லை. 'மீனைப் பார்த்த இடத்தில்தானே பாய்ந்தேன்? அது ஏன் அங்கே இல்லை?'

ஒருநாள் கால்வாய்த் தண்ணீரில் ஒரு நாணல் ஒடிந்து நிற்பதைக் கண்டது. அலகால் பிடுங்கிப் பார்த்தது. நாணல் நேராக இருந்தது! திரும்பக் குத்தி வைத்தது. மறுபடியும் ஒடிந்து தெரிந்தது!

பக்கத்தில் பொட்டு என்ற ஆமை நீந்திக்கொண்டிருந்தது.

"பொட்டு! உள்ளே போய்ப் பாரேன், நாணல் ஒடிந்திருக்கிறதா?"

ஆமை மூழ்கி எழுந்தது. "ஒடியவே இல்லை! நேராகத்தான் நிற்கிறது!"

"அப்படியானால் என் கண்ணில் குறையில்லை! தண்ணீர்தான் இடத்தை மாற்றிக் காட்டுகிறது!"

அன்றிலிருந்து இருவருக்கும் அதே வேலை. ஆமை நாணலை ஆழத்திலும் மேட்டிலும் மாற்றி மாற்றி நட்டது. நீலமணி தண்ணீருக்குள் மூழ்கியிருந்த அதன் நுனியைத் தொடப் பாய்ந்தது. நூறு முறை தவறியது. ஒருமுறை அலகு சேற்றில் புதைந்து, ஆமைதான் இழுத்துவிட்டது! கடைசியில் விஷயம் பிடிபட்டது. தண்ணீருக்குள் இருப்பது, தெரிகிற இடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆழம் கூடினால் அந்த வித்தியாசமும் கூடுகிறது. அதன்பின் நீலமணி கால்வாயில் குறி தப்பாமல் மீன் பிடிக்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு அடைமழை பெய்தது. குளம் நிரம்பி வழிந்தது. மீன்கள் ஆழத்துக்குப் போயின. ஆழமற்ற நீரில் பழகிய மீன்கொத்திகளுக்குக் குறி தப்பியது. கூடுகளில் குஞ்சுகள் பசியால் கதறின.

கூரலகன் கால்வாய்க்குப் பறந்து வந்தது. "நீலமணி, நீ இங்கே மீன் பிடிக்கிறாயாமே? எங்கள் குஞ்சுகள் செத்துவிடும் போலிருக்கிறது!"

நீலமணிக்குப் பழைய சிரிப்பொலி காதில் கேட்டது. ஆனாலும் உடனே சிறகை விரித்துக் குளத்துக்குப் பறந்தது.

"வாருங்கள்! மீன் தெரிகிற இடத்தில் பாயாதீர்கள். அதற்கும் கீழே குறி வையுங்கள். இன்னும் கீழே! இப்போது பாயுங்கள்!"

கூரலகன் பாய்ந்தது. துள்ளும் கெண்டையோடு எழுந்தது! மற்றவையும் பாய்ந்தன. மாலைக்குள் எல்லாக் கூடுகளிலும் குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்கின.

"தப்பு உன் கண்ணில் இல்லை அம்மா, எங்கள் பரீட்சையில்தான்!" என்று தலை குனிந்தது கூரலகன்.

நீலமணி அதைச் சரியாகக் கேட்கவில்லை. இலை நுனியில் தொங்கிய மழைத்துளிக்குள் ஏழு நிறங்கள் மின்னின. "பொட்டு, சீக்கிரம் வா! இது எப்படி வந்தது?" என்று கால்வாய்ப் பக்கம் திரும்பி மகிழ்ச்சியோடு கூவியது.

தோற்றதும் ஒதுங்கிவிடாமல், ஏன் தோற்றோம் என்று பொறுமையாகத் தேடுபவரே தானும் உயர்ந்து பிறரையும் காப்பார்.